ஸ்போர்ட்ஸ் காருக்கு பேட்டரி எதுக்கு? உலகம் முழுக்க நடக்கும் ஹைப்ரிட் சண்டையும், அதில் இருக்கும் காஞ்சிபுரம் கனெக்‌ஷனும்

காஞ்சிபுரம்னா பட்டும் கோயிலும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் கார் பந்தய ரசிகர்களுக்கு இந்த மாவட்டத்தில் இன்னொரு அடையாளமும் உண்டு. சின்ன காஞ்சிபுரத்தில் இருந்து கிளம்பி, பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்து சென்னை பக்கம் வந்தால், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் இருங்காட்டுக்கோட்டை. அங்கே ஹூண்டாய் கார் ஆலை இருக்கிறது. அதே ஊரில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடமும் இருக்கிறது.

ஒரு காலத்தில் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களுக்கு, 1990-ல் கிடைத்த நிரந்தர வீடு இந்தத் தடம். சுமார் 3.7 கி.மீ. நீளம். பந்தயம் நடக்கும் நாளில் கார் கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். அந்தச் சத்தத்துக்காகவே வருபவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது அந்தச் சத்தத்துக்குத்தான் ஆபத்து என்கிறது ஒரு தரப்பு. போர்ஷே, ஃபெராரி, லம்போர்கினி, பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் என எல்லா பெரிய நிறுவனங்களும் புதிய ஸ்போர்ட்ஸ் கார்களில் பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரியையும் மின் மோட்டாரையும் சேர்க்கத் தொடங்கிவிட்டன. "இது முன்னேற்றம்" என்று ஒரு கூட்டம், "இது காரே இல்ல, ஓடுற கம்ப்யூட்டர்" என்று இன்னொரு கூட்டம்.

யார் சொல்வது சரி? இதில் நமக்கு என்ன இருக்கு? விரிவாகப் பார்க்கலாம்.

ஹைப்ரிட்னா என்ன?

ஒரு காரில் பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து வேலை செய்தால் அது ஹைப்ரிட். காஞ்சிபுரத்துக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க வரும் குடும்பங்கள் இறங்கும் இன்னோவா ஹைகிராஸை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் ஹைப்ரிட் வகையும் உண்டு. கிளம்பும்போது சத்தமே இல்லாமல் நகரும். வேகம் எடுத்ததும் இன்ஜின் சேர்ந்துகொள்ளும். அங்கே ஹைப்ரிட்டின் வேலை பெட்ரோலை மிச்சப்படுத்துவது.

ஸ்போர்ட்ஸ் காரில் இதே தொழில்நுட்பத்துக்கு வேறு வேலை. அங்கே முதல் நோக்கம் வேகம். மைலேஜ் எல்லாம் அப்புறம்தான்.

பொதுவாக 3 வகை இருக்கிறது.

மைல்டு ஹைப்ரிட்: சின்ன மோட்டார், சின்ன பேட்டரி. இன்ஜினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும். மின்சாரத்தில் மட்டும் கார் ஓடாது.

ஸ்ட்ராங் ஹைப்ரிட்: மின்சாரத்தில் மட்டும் கொஞ்ச தூரம் ஓடும். சார்ஜரில் போடத் தேவையில்லை. ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் தானே சார்ஜ் ஆகும்.

பிளக்-இன் ஹைப்ரிட்: பெரிய பேட்டரி. வீட்டில் சார்ஜ் போடலாம். பல கி.மீ. தூரம் பெட்ரோல் இல்லாமலே ஓடும்.

இது ஏதோ நேற்று வந்த ஐடியா என்று நினைக்க வேண்டாம். ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900-லேயே பெட்ரோல் இன்ஜின், ஜெனரேட்டர், சக்கரத்துக்குள் மின் மோட்டார் என ஒரு ஹைப்ரிட் காரை உருவாக்கிக் காட்டிவிட்டார். 2013-ல் வந்த போர்ஷே 918 ஸ்பைடர், மெக்லாரன் பி1, லாஃபெராரி மூன்றும் ஹைப்ரிட்தான். ஆனால் அவை சில நூறு பேருக்கு மட்டும் செய்த கார்கள். சண்டை பெரிதானது, வழக்கமான மாடல்களிலேயே பேட்டரி வந்த பிறகு.

பேட்டரி வச்சா வேகம் எப்படி கூடும்?

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன கணக்கு போதும்.

1,600 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகிறது. பிரேக் போட்டு நிறுத்துகிறீர்கள். அந்தக் காரில் இருந்த இயக்க ஆற்றல் சுமார் 0.17 கிலோவாட் ஹவர். சாதாரண காரில் இது முழுக்க பிரேக் டிஸ்க்கில் சூடாகி வீணாகிறது. வேகம் 200 ஆனால் ஆற்றல் இரண்டு மடங்கு ஆகாது. நான்கு மடங்கு ஆகும். அதாவது சுமார் 0.69 கிலோவாட் ஹவர்.

பந்தயத் தடத்தில் ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் இப்படி பிரேக் பிடிக்க வேண்டும். அந்த ஆற்றலில் ஒரு பகுதியைப் பிடித்து பேட்டரியில் போட்டு, வளைவைத் தாண்டியதும் மோட்டார் வழியாகச் சக்கரத்துக்குத் திருப்பிக் கொடுத்தால்? இலவசமாக ஒரு தள்ளு கிடைக்கும். இதற்குப் பெரிய பேட்டரியும் தேவையில்லை. வேகமாக நிரம்பி, வேகமாகக் காலியாகும் சின்ன பேட்டரி போதும்.

இன்னொரு நன்மை டர்போ பிரச்னைக்குத் தீர்வு. டர்போ இன்ஜினில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் முழு சக்தி உடனே வராது. புகைபோக்கிக் காற்று டர்போவைச் சுழற்ற ஒரு கணம் ஆகும். மின் மோட்டாருக்கு அந்தத் தயக்கம் இல்லை. நின்ற இடத்திலேயே முழு இழுவையைக் கொடுக்கும். டர்போ தயாராகும் வரை அந்த இடைவெளியை மோட்டார் நிரப்பிவிடும்.

இதற்குச் சரியான உதாரணம் 2024 மே மாதம் அறிமுகமான போர்ஷே 911 கரேரா ஜிடிஎஸ். சாலையில் ஓட்டும் 911-ல் முதல் ஹைப்ரிட் இதுதான். இதில் 3.6 லிட்டர், 6 சிலிண்டர் இன்ஜின். டர்போவுக்குள்ளேயே ஒரு மின் மோட்டார். கியர்பாக்ஸுக்குள் இன்னொரு மோட்டார். பேட்டரியின் அளவு வெறும் 1.9 கிலோவாட் ஹவர், எடை 27 கிலோ. மொத்த சக்தி 541 பிஎஸ். சார்ஜரில் போட முடியாது, மின்சாரத்தில் மட்டும் ஓட்டவும் முடியாது.

ஜெர்மனியின் புகழ்பெற்ற நூர்பர்க்ரிங் தடத்தை இந்த கார் 7 நிமிடம் 16.9 விநாடியில் சுற்றியது. பழைய ஜிடிஎஸ் மாடலை விட 8.7 விநாடி குறைவு. டயர், காற்றியக்க மாற்றங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் காரின் மொத்த எடை சுமார் 50 கிலோ கூடிய பிறகும் வேகம் கூடியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம் ஏன் கோபப்படுறாங்க?

எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணங்கள் முக்கியமாக நான்கு.

1. சத்தம்: 2014-ல் ஃபார்முலா 1 பந்தயம் வி8 இன்ஜினில் இருந்து 1.6 லிட்டர் வி6 டர்போ ஹைப்ரிட்டுக்கு மாறியது. அந்த ஆண்டின் முதல் பந்தயம் மெல்போர்னில் நடந்தபோது சத்தம் குறைந்துவிட்டது என்று ரசிகர்களோடு சேர்ந்து ஏற்பாட்டாளர்களே அதிருப்தி தெரிவித்தார்கள். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

2. எடை: எதிர்ப்பில் வலுவான வாதம் இதுதான். 2024-ல் வந்த புதிய பிஎம்டபிள்யூ எம்5 ஒரு பிளக்-இன் ஹைப்ரிட். 4.4 லிட்டர் வி8 இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து 727 பிஎஸ் சக்தி. ஆனால் எடை 2,435 கிலோ! கிட்டத்தட்ட இரண்டரை ஸ்விஃப்ட் கார். முந்தைய எம்5 காம்பெடிஷன் மாடலுக்கு 625 பிஎஸ்தான் இருந்தது. அது 0-வில் இருந்து 100 கி.மீ. வேகத்தை 3.3 விநாடியில் தொட்டது. புதிய கார் 100 குதிரைகளை அதிகம் வைத்துக்கொண்டு 3.5 விநாடி எடுக்கிறது. கூடிய சக்தியை கூடிய எடையே சாப்பிட்டுவிட்டது.

3. இன்ஜின் சுருங்குவது: மெர்சிடிஸ் ஏஎம்ஜி சி63 என்றாலே 4 லிட்டர் வி8 இன்ஜினின் உறுமல்தான். புதிய தலைமுறையில் அது 2 லிட்டர், 4 சிலிண்டர் இன்ஜினாகச் சுருங்கியது. மோட்டாரோடு சேர்த்தால் 680 பிஎஸ் வருகிறது. பழைய வி8-ஐ விட மிக அதிகம். ஆனாலும் பழைய ரசிகர்கள் ஏற்கவில்லை. காகிதத்தில் ஜெயித்த கார், மனசுல ஜெயிக்கல.

4. கியர்: 911 ஜிடிஎஸ் முன்பு கையால் கியர் போடும் வகையிலும் கிடைத்தது. ஹைப்ரிட் ஆன பிறகு ஜிடிஎஸ்-ல் ஆட்டோமேட்டிக் மட்டும்தான். கிளட்ச் மிதித்து கியர் மாற்றுவதுதான் ஓட்டும் சுகமே என்று நினைப்பவர்களுக்கு இது பெரிய இழப்பு.

ஆதரிப்பவர்கள் என்ன சொல்றாங்க?

"ஹைப்ரிட் இல்லேன்னா அந்தப் பெரிய இன்ஜினே இருந்திருக்காது" என்பதுதான் இவர்களின் முதல் பதில். இதிலும் நியாயம் இருக்கிறது.

ஐரோப்பாவில் ஒரு நிறுவனம் விற்கும் எல்லா புதிய கார்களின் சராசரி கார்பன் வெளியீட்டுக்கும் வரம்பு உண்டு. 2020-களின் தொடக்கத்தில் கி.மீ.-க்கு 95 கிராம் என்று இருந்த இலக்கு, 2025-ல் 93.6 கிராம் ஆனது. தாண்டினால் அபராதம். பெரிய இன்ஜின்களைத் தொடர்ந்து விற்க நிறுவனங்கள் கண்டுபிடித்த வழிதான் ஹைப்ரிட்.

லம்போர்கினி ரெவுயெல்டோவைப் பாருங்கள். 2023-ல் வந்த இந்த காரில் 6.5 லிட்டர் வி12 இன்ஜின், டர்போ இல்லாமல், முழுசாக இருக்கிறது. கூடவே 3 மின் மோட்டார்கள். மொத்தம் 1,015 பிஎஸ். இன்ஜினைச் சுருக்காமல் மோட்டாரைச் சேர்த்திருக்கிறார்கள். அதன் தம்பியான டெமராரியோவில் வி8 டர்போ இன்ஜின் நிமிடத்துக்கு 10,000 சுற்று வரை போகும். ஹைப்ரிட் என்றால் சத்தம் செத்துப்போகும் என்று பொதுவாகச் சொல்ல முடியாது என்பதற்கு இவை உதாரணம்.

இரண்டாவது பதில் திறன். பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் பெரும்பகுதியை சாதாரண இன்ஜின் சூடாக வீணாக்கிவிடும். 2017-ல் மெர்சிடிஸ் எஃப்1 அணி, தங்கள் ஹைப்ரிட் இன்ஜின் சோதனை மேடையில் 50 சதவீத வெப்பத் திறனைத் தாண்டிவிட்டதாக அறிவித்தது. சத்தம் குறைந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. டர்போவும் மின் ஜெனரேட்டரும் புகைபோக்கியில் வெளியேறும் ஆற்றலைப் பிடித்துக்கொண்டால், நம் காதுக்கு வருவது குறையத்தானே செய்யும்?

பந்தய உலகம் எந்தப் பக்கம்?

இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. பந்தய உலகமே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயம் ஹைப்ரிட்டின் கோட்டை. 2012-ல் ஆடி ஆர்18 இ-ட்ரான் குவாட்ரோ ஜெயித்தது முதல் 2025-ல் ஃபெராரி ஜெயித்தது வரை, ஒட்டுமொத்த வெற்றி எல்லாமே ஹைப்ரிட் கார்களுக்குத்தான். அமெரிக்காவின் இண்டிகார் 2024 ஜூலையில் ஹைப்ரிட்டுக்கு மாறியது.

ஃபார்முலா 1 இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. 2026 விதிகளின்படி மின் மோட்டாரின் சக்தி 120 கிலோவாட்டில் இருந்து 350 கிலோவாட் ஆகிறது. இன்ஜினின் பங்கு சுமார் 400 கிலோவாட்டாகக் குறைகிறது. அதாவது கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. எரிபொருளும் புதைபடிவ பெட்ரோலாக இருக்கக் கூடாது. ஆடி, ஃபோர்டு போன்ற நிறுவனங்கள் எஃப்1 பக்கம் வந்ததற்கு இந்த விதிகள் ஒரு முக்கிய காரணம்.

ஆனால் எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. உலக ரேலி சாம்பியன்ஷிப், அதாவது டபிள்யூஆர்சி, 2022-ல் ஹைப்ரிட்டைக் கொண்டுவந்தது. 100 கிலோவாட் மோட்டார், 3.9 கிலோவாட் ஹவர் பேட்டரி. மூன்றே ஆண்டுகளில் செலவும் எடையும் சிக்கலும் அதிகம் என்று முடிவு செய்து, 2025 முதல் அதைக் கழற்றிவிட்டது. கார்களின் குறைந்தபட்ச எடை 80 கிலோ குறைந்தது. பிரிட்டனின் டூரிங் கார் சாம்பியன்ஷிப்பிலும் இதே கதை: 2022-ல் ஹைப்ரிட் வந்தது, 2025-ல் போனது. அங்கே இப்போது பசுமை எரிபொருள்.

இதில் காஞ்சிபுரம் கனெக்‌ஷன் என்னன்னா...

அந்த ரேலியில் ஓடிய கார்களில் ஒன்று ஹூண்டாய் ஐ20 என் ரேலி1. ஐ20 என்ற பெயர் இங்கே எல்லோருக்கும் தெரியும். இருங்காட்டுக்கோட்டை ஆலையில் இருந்து லாரியில் ஏறி நம் நெடுஞ்சாலையில் போகும் அதே பெயர். ரேலி கார் ஜெர்மனியில் கையால் கட்டப்படும் வேறு ரகம்தான். ஆனால் 2024-ல் பெல்ஜியம் வீரர் தியரி நோவில் அந்த ஹைப்ரிட் ஐ20-யை ஓட்டித்தான் உலக சாம்பியன் ஆனார். அடுத்த ஆண்டே அதே ஐ20 ஹைப்ரிட் இல்லாமல் ஓடியது. ஒரே காரில் இரண்டு தரப்பும் தங்கள் வாதத்துக்கு ஆதாரம் எடுத்துக்கொள்ளலாம்.

அஜித் ஓட்டின கார் ஹைப்ரிட்டா?

தமிழ்நாட்டில் இந்தத் தலைப்பு பேசப்பட்டால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி 992 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அந்தப் பிரிவில் ஓடுவது போர்ஷே 911 ஜிடி3 கப் கார். அது ஹைப்ரிட் இல்லை. டர்போ கூட இல்லை. 4 லிட்டர், 6 சிலிண்டர், இயற்கையாகக் காற்றை இழுக்கும் இன்ஜின்.

இதைக் கவனித்தால் போர்ஷேவின் கணக்கு புரியும். அதே 911 குடும்பத்தில் ஜிடிஎஸ்-க்கு ஹைப்ரிட் கொடுத்தவர்கள், பந்தய வாடை வீசும் ஜிடி3-க்கு கொடுக்கவில்லை. ஃபெராரியும் 296-ஐ ஹைப்ரிட் ஆக்கிவிட்டு, 2024-ல் வந்த 12சிலிண்ட்ரியை பேட்டரி இல்லாத வி12-ஆகவே விற்கிறது. இரண்டு கூட்டத்தையும் கைவிட நிறுவனங்களுக்கு மனசில்லை.

நரேன் கார்த்திகேயன் ரசிகர்களுக்கும் ஒரு தகவல். 2011-ல் கிரேட்டர் நொய்டாவில் முதல் இந்தியன் கிராண்ட் பிரீ நடந்தபோது, முன்னணி அணிகளிடம் கெர்ஸ் என்ற ஆரம்பகால ஹைப்ரிட் கருவி இருந்தது. பிரேக் ஆற்றலைச் சேமித்து, ஒரு சுற்றுக்கு சுமார் 6.7 விநாடி 80 குதிரைத்திறன் கூடுதலாகத் தரும். கோவை வீரர் ஓட்டிய எச்ஆர்டி அணியின் காரில் அது கிடையாது. சின்ன அணிகளால் அந்தச் செலவைத் தாங்க முடியவில்லை. ஹைப்ரிட் வந்தால் பணக்கார அணிக்கும் ஏழை அணிக்கும் இடைவெளி கூடும் என்ற வாதம் அப்போதே தொடங்கிவிட்டது.

சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?

அரை உண்மை. பிளக்-இன் ஹைப்ரிட் கார்களின் ஆய்வக அளவீட்டில் கார்பன் வெளியீடு மிகக் குறைவாகக் காட்டும். பேட்டரி நிரம்பியிருக்கும் என்ற அனுமானம் அந்தக் கணக்கில் அதிகம். ஆனால் பலர் சார்ஜ் போடுவதே இல்லை. 2021-ல் பதிவான கார்களின் உண்மையான ஓட்டத் தரவுகளை வைத்து ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், பிளக்-இன் ஹைப்ரிட்களின் நிஜ வெளியீடு ஆய்வக அளவை விட சராசரியாக 3.5 மடங்கு இருந்தது தெரியவந்தது.

சார்ஜ் போடாமல் ஓட்டினால் அது வெறும் எடை கூடிய பெட்ரோல் கார். எனவே "நான் ஹைப்ரிட் சூப்பர் கார் வச்சிருக்கேன், இயற்கையைக் காப்பாத்துறேன்" என்று யாராவது சொன்னால், வீட்டில் சார்ஜர் இருக்கான்னு முதலில் கேளுங்கள்.

இந்தியாவில் வாங்கினால் வரிச் சலுகை உண்டா?

இந்த ரக கார்களுக்குக் கிட்டத்தட்ட இல்லை. முழு மின்சார கார்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஆனால் பெரிய இன்ஜின் கொண்ட கார்களுக்கு, ஹைப்ரிட்டோ வெறும் பெட்ரோலோ, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம்.

பிஎம்டபிள்யூவுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆலை இருந்தாலும், எம்5 அங்கே கட்டப்படுவதில்லை. முழுசாக இறக்குமதி ஆகிறது. 2024 நவம்பரில் இதன் ஷோரூம் விலை 1.99 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுட்கால சாலை வரி 20 சதவீதம் என்பது 2023 நவம்பரில் வந்த விகிதம். அந்தக் கணக்கில் சாலை வரி மட்டும் சுமார் 40 லட்சம்.

ஆக, இங்கே ஹைப்ரிட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர் வரியை மிச்சப்படுத்த வாங்குவதில்லை. ஐரோப்பியச் சட்டத்துக்காகச் செய்யப்பட்ட கார், அதே வடிவில் இங்கேயும் வருகிறது. அவ்வளவுதான்.

கோடிக்கணக்கில் கார்... நமக்கு என்ன?

இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் ஸ்போர்ட்ஸ் காரில் இன்று வருவது நாளை சாதாரண காருக்கு வரும். டர்போ அப்படித்தான் வந்தது. பாதிப்பு நம் தெருவுக்கு வரும் இடம், பழுது பார்க்கும் பட்டறை.

சாதாரண காரில் இருப்பது 12 வோல்ட் பேட்டரி. அதைத் தொட்டு வேலை செய்து பழகிய கைகள் நம் ஊர் மெக்கானிக்குகளுடையது. 911 ஜிடிஎஸ் போன்ற கார்களில் ஓடுவது 400 வோல்ட். சாதாரண ஹைப்ரிட் கார்களிலும் நூற்றுக்கணக்கான வோல்ட். இது உயிரைப் பறிக்கும் அளவு.

அதனால்தான் உயர் அழுத்த ஒயர்கள் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். பேட்டரி இணைப்பைத் துண்டித்த பிறகும், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் இறங்க சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். இந்தப் பயிற்சியும் ரப்பர் கையுறையும் சோதனைக் கருவியும் இல்லாமல் ஆரஞ்சு ஒயரைத் தொடவே கூடாது.

பந்தயத் தடத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். விபத்து நடந்தால் முதலில் ஓடிப்போய் வீரரைத் தூக்குவது மார்ஷல்கள். பெரும்பாலும் தன்னார்வலர்கள். டபிள்யூஆர்சி ஹைப்ரிட் கார்களில் அவர்களுக்காகவே ஒரு விளக்கு இருந்தது. பச்சை எரிந்தால் தொடலாம். சிவப்பு எரிந்தால் தொடக் கூடாது. உள்ளே ஒருவர் சிக்கியிருக்கும்போது விளக்கின் நிறத்தைப் பார்த்து நிற்க வேண்டிய நிலைமை எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டை போன்ற தடங்களுக்கு நாளை ஹைப்ரிட் பந்தயங்கள் வந்தால், கார்களுக்கு முன்பாக இந்தப் பயிற்சிதான் வந்து சேர வேண்டும்.

வேலைவாய்ப்பும் இதில் அடங்கியிருக்கிறது. காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சம்பளம் கார் ஆலைகளில் இருந்தும் உதிரிபாக நிறுவனங்களில் இருந்தும் வருகிறது. முழு மின்சார காரில் பிஸ்டன், கிராங்க் ஷாஃப்ட், புகைபோக்கி எதுவும் இல்லை. ஹைப்ரிட்டில் அவை எல்லாம் இருக்கும். கூடவே மோட்டாரும் பேட்டரியும் சேரும். ஆக, ஹைப்ரிட் என்பது இன்ஜின் பாகம் செய்பவருக்குக் கிடைக்கும் அவகாசம். ஹூண்டாய் ஆலையில் இருந்து 2025-ல் க்ரெட்டா எலெக்ட்ரிக் வெளிவரத் தொடங்கிவிட்டது. அந்த அவகாசத்தில் உயர் அழுத்த மின்சாரத்தைக் கையாளக் கற்றுக்கொள்பவருக்குத்தான் அடுத்த வேலை.

அப்போ யார் சொல்றது சரி?

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கோர்வைப் பட்டுப் புடவையில் உடல் ஒரு நிறம், பார்டர் வேறு நிறம். இரண்டுக்கும் தனித்தனி நாடா. உடலும் பார்டரும் சேரும் இடத்தில் ஊடை இழைகளை ஒன்றோடொன்று கோர்க்க வேண்டும். பாரம்பரிய முறையில் அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஆளும் தேவைப்படும். உழைப்பு அதிகம். ஆனால் கோர்வை சரியாக விழுந்துவிட்டால், இரண்டு நிறமும் ஒரே புடவையாகப் பிறந்தது போல இருக்கும். சரியாக விழவில்லை என்றால் எவ்வளவு ஜரிகை போட்டும் பயனில்லை.

ஹைப்ரிட்டும் அப்படித்தான். 27 கிலோ பேட்டரியை வைத்து டர்போவின் தயக்கத்தைப் போக்கிய 911-ல் இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்த இடம் ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. சக்தியைக் கூட்டியும் எடையால் வேகம் குறைந்த எம்5-ல் அது தெரிகிறது. இரண்டையும் "ஹைப்ரிட்" என்ற ஒரே சொல்லால் அழைப்பதால்தான் சண்டை முடியாமல் போகிறது.

ஆகவே அடுத்த முறை ஒரு ஹைப்ரிட் ஸ்போர்ட்ஸ் கார் பற்றி யாராவது பெருமையாகவோ கோபமாகவோ பேசினால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்ததில் எடை எவ்வளவு கூடியது?

இன்ஜினுக்குத் துணையாக வந்ததா, இன்ஜினைச் சுருக்க வந்ததா?

ஆய்வகக் கணக்கில் வரம்பைத் தாண்டாமல் இருக்க மட்டும் வந்ததா, தடத்தில் நேரத்தைக் குறைத்ததா?

எந்த கார் ஜெயித்தது, எது தோற்றது என்பதை இந்த மூன்று கேள்விக்கான பதிலே சொல்லிவிடும். சத்தம் வேண்டும் என்பவர்களுக்கு, ஜிடி3-யும் 12சிலிண்ட்ரியும் இருக்கும் வரை கவலை இல்லை. மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று மட்டும்: ஸ்பேனரோடு சேர்த்து மல்டிமீட்டரையும் கையில் எடுங்க. ஆரஞ்சு ஒயரைப் பார்த்தா, பயிற்சி இல்லாம தொடாதீங்க.